தருமபுரி வத்தல்மலையில் மண்சரிவை முன்கூட்டிச் சொல்ல எது: மழை வரம்பா, டிரிகர்ஸா?

இவ்வளவு மழைக்கு மேல் ஆபத்து என்று சொல்வது மழை வரம்பு; அதற்கு மழைமானி போதும். ஆய்வாளர் கெய்ன் 1980-இல் தந்த சமன்பாட்டின்படி, 24 மணி நேரத்தில் சுமார் 103 மி.மீ. பெய்தால் மேல்மண் சரியத் தொடங்கலாம். ஆனால் எந்தச் சரிவு என்று சொல்லாது. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அப்படிப்பட்ட மழைக்கு எல்லா மலைக்கும் சிவப்பு எச்சரிக்கைதான்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணினி நிரலான டிரிகர்ஸ், சரிவுக்கோணம், மண் ஆழம், நீர் இறங்கும் வேகம் மூன்றையும் கட்டம் கட்டமாகப் பார்க்கும். மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறிப் பாதுகாப்புக் காரணி (மண்ணைப் பிடித்து நிறுத்தும் வலிமையை, அதைச் சரிக்கும் விசையால் வகுத்தது) 1-க்குக் கீழே போனால் ஆபத்து. சரி, படிவயலில்? கல்கட்டுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் அங்கே வினை. 30 மீட்டருக்கு ஒரு கட்டமாக உயரத்தைக் காட்டும் வரைபடத்தில் கல்கட்டே தெரியாது. ட்ரோன் வரைபடமும் மண் சோதனையும் கிடைத்தால் நான் டிரிகர்ஸைத்தான் எடுப்பேன். அதுவரை ஊரை எச்சரிக்க மழை வரம்பு.