கை தவறினால் எது மன்னிக்கும்? வீட்டில் நாய் பராமரிக்கும் கருவிகள்: ஓர் ஒப்பீடு

நாயை வீட்டிலேயே சீவி, குளிப்பாட்டி, நகம் வெட்டலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது முடிவெட்டும் மெஷினை. உண்மையில் கடைசியாக வாங்க வேண்டியது அது. விலையையும் அட்டைப்பெட்டிப் படத்தையும் தள்ளி வைத்துவிட்டு, பழகாத கை ஒருமுறை தவறினால் நாய்க்கு என்ன ஆகும் என்ற கேள்வியை ஒவ்வொரு கருவியிடமும் கேட்டுப் பார்ப்போம்.

பீகிள், பாக்ஸர் போன்ற குட்டை முடி நாய்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ரப்பர் பிரஷ் போதும், அதனால் காயம் ஏற்படுத்துவதும் கடினம். போட்டி தொடங்குவது நீள முடியில்தான்.

மெல்லிய வளைந்த கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் உதிர்முடியை வேகமாக வாரி எடுக்கும். ஆனால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும். மேல்முடியை மட்டும் மினுக்கிவிட்டு, அடியில் சிக்கை அப்படியே விட்டுவைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. உலோகச் சீப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் பொய் சொல்லாது. தோல்வரை இறங்கி, சிக்கு இருக்கும் இடத்தில் நின்றுவிடும். காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில் அது நிற்பதைப் பார்க்கலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பாதி அகலப் பல்லும் பாதி நெருக்கப் பல்லுமாக உள்ள சீப்பையே சொல்வேன்.

மூன்றாவது போட்டியாளர் உதிர்முடி நீக்கும் பிளேடு. நாலு இழுப்பில் முடி குவியலாக வரும், மனசுக்கு நிறைவாக இருக்கும். அந்த நிறைவுதான் ஆபத்து. நிறுத்தத் தோன்றாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் நல்ல மேல்முடியும் அறுபடும். பூடில், ஷிட்சூ போல முடி வளர்ந்துகொண்டே போகும் நாய்களுக்கு இது தேவையே இல்லை.

இறுகிய சிக்கை எடுக்கக் கத்தரியா, மெஷினா? இந்த ஓர் இடத்தில் மெஷின் ஜெயிக்கிறது. சிக்கு தோலையும் சேர்த்து மேலே இழுத்து வைத்திருக்கும். எது முடி, எது தோல் என்று தெரியாமல் கத்தரி வைத்தால் தையல் போடும் அளவுக்குக் காயமாகலாம். மெஷினில் மாட்டும் பிளேடுகளுக்கு எண் உண்டு. 10-ஆம் எண் பிளேடு சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும், தொடக்கத்துக்கு அதுவே போதும். எண் கூடக் கூட முடி குட்டையாகும் என்பது பலரைக் குழப்பும் விஷயம். 40 என்பது அறுவைச் சிகிச்சைக்கு முன் மழிப்பதற்கானது, வீட்டுக்கு வேண்டாம். ஓடும் பிளேடு சூடேறும், அவ்வப்போது மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள்.

அதே மெஷினால் ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் போன்ற இரட்டை அடுக்கு முடி (மேல்முடியும் அதற்குக் கீழே அடிமுடியும்) உள்ள நாய்களை வெயிலுக்காக மொட்டையடிப்பது வேறு கதை. சில நாய்களுக்கு முடி பழையபடி வளராமலே போகிறது. வெயிலும் நேராகத் தோலில் விழும். மழிப்பதா, அடிமுடியை வாருவதா என்றால் வாருவதற்கே என் ஓட்டு.

ஷாம்பு விஷயத்தில் ஒப்பிட அதிகம் இல்லை. நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது. ஆகவே நாய்க்கென்று தயாரித்ததே சரி. குளிப்பதற்கு முன் சீவுவதா, பின் சீவுவதா என்பதைத்தான் யோசிக்க வேண்டும். நனைந்த சிக்கு காயும்போது இன்னும் இறுகும், அதனால் முன்பே சீவிவிடுங்கள்.

பலரும் பயப்படுவது நகத்துக்குத்தான். பயம் நியாயமானது, நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. துளைக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் நகவெட்டி சிறு நாய்களுக்குச் சரி. ஆனால் பிளேடு மழுங்கினால் வெட்டாமல் நசுக்கும். குறடு போன்ற நகவெட்டி தடித்த நகத்துக்கும் பொருந்தும், எங்கே வெட்டுகிறோம் என்பதும் நன்றாகத் தெரியும். இரண்டிலும் ஒரு நொடித் தவறு போதும், ரத்தம் வந்துவிடும். சுழலும் முனையால் நகத்தைத் தேய்க்கும் கருவியான கிரைண்டர் துளித்துளியாகத் தேய்ப்பதால் உள்ளே ரத்தக்குழாய் தெரியாத கறுப்பு நகத்துக்கு அதுவே பாதுகாப்பு. அதற்கும் குறைகள் உண்டு: சத்தம், அதிர்வு, ஒரே இடத்தில் வைத்திருந்தால் சூடு. நீளமான பாத முடி சுழலும் முனையில் சிக்கிக்கொள்ளவும் செய்யும். நாய் சத்தத்துக்கு மிரளும் என்றால், குறடு நகவெட்டியால் நுனியை மட்டும் மெல்லிய சீவல்களாக எடுங்கள். வெட்டிய முகப்பின் நடுவில் கரும்புள்ளி தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், ரத்தம் நிறுத்தும் பொடியோ சோளமாவோ (கார்ன்ஃப்ளார்) வெட்டத் தொடங்கும் முன்பே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.