ஹீட்சிங்க் ஒட்டிய விக்-2 சிப் வாங்குகிறீர்களா? ஒரு நிமிஷம்

அமெரிக்காவிலிருந்து வந்த என் கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில், திரையை வரையும் கிராஃபிக்ஸ் சிப்பான விக்-2 செத்துப்போனது. ஆன்லைனில் ஒருவர் '6567ஆர்8, டெஸ்ட் செய்தது' என்று போட்டிருந்தார் (6567 என்பது விக்-2-வின் அமெரிக்க மாடல், ஆர்8 அதில் ஒரு ரகம்). மேலே சூட்டை இறக்கும் அலுமினிய ஹீட்சிங்க். இந்தச் சிப் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், அதனால் நல்ல மனுஷன் போல என்று நினைத்துக்கொண்டேன். பார்சல் செலவோடு ஐயாயிரத்துச் சொச்சம்.

சொருகினேன், வழக்கமான நீலத் தொடக்கத் திரை வந்தது. விளையாட்டுகளும் ஓடின. நாலு நாள் சந்தோஷம்.

அப்புறம்தான் நான் எழுதிய ஒரு சின்ன புரோகிராமை ஓட்டினேன். திரையின் மேல் ஓரப் பட்டையில் (பார்டர்) ஒவ்வொரு வரியிலும் பாதியில் நிறம் மாறி, நடுவே நேர்க்கோடு விழ வேண்டும். விழுந்தது மாடிப்படி! வரிக்கு எட்டுப் புள்ளி வலப்பக்கம் தள்ளித் தள்ளி இறங்கியது. இந்த மெஷினில் பிராசஸரின் ஒரு சைக்கிள் (ஒரு துடிப்பு நேரம்) என்பது திரையில் எட்டுப் புள்ளி. அதாவது, வரிக்கு ஒரு சைக்கிள் குறைகிறது.

விஷயம் இதுதான். 1982-இல் வந்த முதல் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) சிப்களில், ஆர்56ஏ ரகத்தில், வரிக்கு 64 சைக்கிள், மொத்தம் 262 வரி. பிறகு வந்த ஆர்8-இல் 65 சைக்கிள், 263 வரி. சைக்கிள் எண்ணி எழுதிய என்டிஎஸ்சி புரோகிராம்கள் பெரும்பாலும் 65-ஐ நம்பித்தான் இருக்கும். சாதாரண விளையாட்டில் வித்தியாசமே தெரியாது, விற்பவருக்கு அதுதான் வசதி.

விற்றவரிடம் கேட்டேன். 678-ஆம் நினைவக இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் பீக்(678) கட்டளையைப் போட்டு 0 வந்த படத்தை அனுப்பி, "பாருங்க சார், பக்கா என்டிஎஸ்சி" என்றார். அட, அது 'பால்' (ஐரோப்பிய டிவி முறை) மெஷினா, என்டிஎஸ்சி மெஷினா என்று மட்டும்தான் சொல்லும். இரண்டு ரகத்திலும் 0-தான் வரும்.

ஹீட்சிங்கைப் பெயர்த்துப் பார்த்தேன். எபாக்ஸி போட்டு ஒட்டியிருந்ததால் அரை நாள் போனது. அடியில் ஆர்8 என்ற எழுத்தே இல்லை. தேதிக் குறியின் கடைசி இரண்டு எண் 82. படம் எடுத்து அனுப்பினால், "நீங்க ஹீட்சிங்கைக் கழட்டிட்டீங்க, இனிமே ரிட்டர்ன் கிடையாது" என்று பதில். எழுத்தை மறைத்தது யார் என்று கேட்டதற்கு இன்றுவரை மௌனம்.

வாங்குவதாக இருந்தால், ஹீட்சிங்க் இல்லாத படம் கேளுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால், சிப் இப்போது எந்த வரியை வரைகிறது என்று 53265, 53266 என்ற நினைவக இடங்கள் சொல்லும்; 53265-இன் மேல் பிட் (மதிப்பு 256) 1-ஆக இருக்கும்போது 53266-இல் வரும் பெரிய எண் எது என்று வீடியோ கேளுங்கள். 6 வந்தால் கடைசி வரி 256+6, அதாவது 262; வரிகளை 0-இலிருந்து எண்ணுவதால் மொத்தம் 263, அது ஆர்8. 5 வந்தால் என் கதைதான். இதை மெஷினோடு வரும் பேசிக் மொழியில் பார்க்க முடியாது, வேகம் போதாது. பத்து வரி மெஷின் கோடு போதும்.

நேற்றுப் பார்த்தேன், அதே ஆள் இன்னும் மூன்று சிப் போட்டிருக்கிறார். மூன்றிலும் ஹீட்சிங்க்.