பெரியமேட்டு ஷீல்டு கடை: எழுத்துக்கு நம்பிப் போகலாம், மரத்துக்குப் பார்த்துப் போங்கள்

பெரியமேட்டில் ஸ்போர்ட்ஸ் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது இந்தக் கடை. லேசர் வேலை சுத்தம். மரம் சுமார். டெலிவரி தேதி மட்டும் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது.

எங்கள் சேலையூர் ஃபிளாட்ஸில் சுதந்திர தினத்துக்குக் குவிஸ். தலைப்பு, படைகளின் குறிக்கோள் வாசகங்கள். ஏர் ஃபோர்ஸில் இருந்து ரிடையர் ஆனவன் என்று பரிசு வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஷீல்டுக்கு ஒரு லத்தீன் வாசகம் வேண்டும் என்றதும் மற்ற கடைகளில் நழுவினார்கள். இங்கே பாய், "எழுதிக் கொடுங்க சார், அப்படியே வரும்" என்றார்.

அப்படியே வரவில்லை. பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸின் 'பெர் ஆர்துவா அட் அஸ்த்ரா'வில் டிசைன் பையன் ஒரு 'எச்' சேர்த்திருந்தான். "அஸ்திரம்தானே சார், மிஸைல்?" என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நம் டிஆர்டிஓ ஏவுகணைக்கும் அந்தப் பேர்தான். லத்தீனில் அது நட்சத்திரங்கள். அல்லல்பட்டு விண்மீன்களை எட்டுவது. 1918இல் அந்தப் படை உருவாவதற்கு முன்பே, அதன் முன்னோடியான ராயல் ஃப்ளையிங் கோர் காலத்திலேயே இருந்த வாசகம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் அந்த வாசகம் பொறித்த கல்லை எடுத்த படத்தைக் காட்டினேன், உடனே திருத்தி வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் அனுப்பினான்.

அமெரிக்கக்காரர்களுக்கு 'செம்பர்' மேல் அப்படி ஒரு ஆசை. மரீன்களுக்கு 1883 முதல் 'செம்பர் ஃபிடேலிஸ்', கடலோரக் காவல் படைக்கு 'செம்பர் பராட்டுஸ்', 2019இல் பிறந்த விண்வெளிப் படைக்கு 'செம்பர் சூப்ரா'. என்றும் விசுவாசம், என்றும் தயார், என்றும் மேலே. மூன்றுக்கும் டிசைன் ஒன்றுதான் என்று பாய் தானாகவே காசைக் குறைத்தார். அடுத்த வருஷமும் இவரிடம்தான்.

எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் 'உபிக்வே'. எங்கும் என்று அர்த்தம். போரிட்ட இடங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குவதற்குப் பதிலாக 1832இல் மன்னர் நான்காம் வில்லியம் கொடுத்த ஒரே சொல். நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் உள்ளிட்ட பொறியாளர் படையின் 'சர்வத்ர'வுக்கும் அதே அர்த்தம்தான். 'உபிக்வே' லத்தீனில் ஆறே எழுத்து, பித்தளைத் தகட்டில் தாராளமாக உட்கார்ந்தது. அதே பீரங்கிப் படையின் இன்னொரு வாசகமான 'க்வோ ஃபாஸ் எட் க்ளோரியா டுகுண்ட்', அதாவது நியாயமும் புகழும் கூட்டிப்போகும் இடத்துக்கு, இரண்டு வரியாக மடித்தும் நெருக்கியடித்து நிற்கிறது. நீள வாசகம் என்றால் பெரிய சைஸ் கேளுங்கள்.

ஒன்று 650 ரூபாய். தேக்கு என்று சொல்லிக் கொடுத்தது எம்டிஎஃப் பலகை மேல் ஒட்டிய தேக்கு நிற ஷீட். 'சூப்ரா'வில் ஓரம் அப்போதே பிரிந்திருந்தது. பாய் மாற்றிக் கொடுத்தார், ஆனால் சனிக்கிழமை என்றது செவ்வாய் ஆனது. நிஜத் தேக்கு வேண்டுமென்றால் ஆர்டர் போடும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது, சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம்.