மக்களவையைப் பெரிதாக்கினால் கொங்கு நாட்டுக்கு என்ன கிடைக்கும்? கோபியிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் கோபிச்செட்டிபாளையம் இருப்பது ஈரோடு மாவட்டத்தில். ஆனால் நாங்கள் தேர்ந்தெடுப்பது திருப்பூர் எம்.பி.யை. காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டம். அவை ஈரோடு தொகுதியில் இருக்கின்றன. பக்கத்துச் சத்தியமங்கலமோ பவானிசாகரோடு சேர்ந்து நீலகிரித் தொகுதிக்குப் போய்விட்டது. 2008-ல் தொகுதி எல்லைகளைத் திரும்ப வரைவதற்கு (மறுவரையறை) முன்பு கோபி என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. திருப்பூர் என்ற பெயரில் புதுத் தொகுதி வந்தபோது எங்கள் ஊர்ப் பெயர் போயிற்று. மாநிலத்துக்கு மொத்தமே 39 இடம்தான் என்று கட்டிப்போட்டிருக்கும்போது, ஒரு ஊருக்குக் கொடுக்க இன்னொரு ஊரிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

1971-ல் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 55 கோடி. இன்றுள்ள 543 எம்.பி.க்களுக்கு அதை வகுத்தால் ஒருவருக்குப் பத்து லட்சம் பேர். 2011 கணக்கில் 121 கோடி; ஒருவருக்கு 22 லட்சம். பிரிட்டன் கீழவையில் 650 பேர் இருக்கிறார்கள், அங்கே ஒருவருக்கு ஒரு லட்சம் பேர் அளவுதான். அவை பெரிதாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

முதல் வழி, இப்படியே விடுவது. மாநிலங்களுக்கு இடையிலான இடப் பங்கீட்டை 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம் 1971 மக்கள்தொகைக் கணக்கிலேயே நிறுத்தி வைத்தது. 2001-ல் 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பின் வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தமிழ்நாட்டுக்கு இதில் உடனடி நஷ்டம் இல்லை. ஆனால் 22 லட்சம் 25 லட்சமாகும், அப்புறம் 30 லட்சமாகும். பாதுகாப்பான வழிதான், மக்களுக்குப் பயன் இல்லாத வழியும் கூட.

இரண்டாவது, 543-ஐ மாற்றாமல் மக்கள்தொகைப்படி திரும்பப் பிரிப்பது. 2011 கணக்கை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக்கு 39 போய் 32 ஆகும். கேரளம் 20-லிருந்து 15. உத்தரப் பிரதேசம் 80-லிருந்து 90-ஐ நெருங்கும். இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அளவான குடும்பம் என்று அரசு சொன்னதைக் கேட்டு நடந்ததற்கு ஏழு எம்.பி.க்களைத் தண்டனையாகக் கொடுப்பது அநியாயம். நமக்கு இது முன்பே நடந்திருக்கிறது: 1962 தேர்தலில் 41 ஆக இருந்த நம் இடங்கள் 1967-ல் 39 ஆயின.

மூன்றாவது வழியில்தான் ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறேன். 2023-ல் திறந்த புது நாடாளுமன்றத்தின் மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள் இருக்கின்றன. அத்தனையையும் நிரப்பி, மக்கள்தொகைப்படியே பிரித்தால் நமக்கு 53 இடம் வரும். "பதினாலு கூடுதுங்க, அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்டால் பதில் இதுதான்: இன்று 543-ல் 39 என்பது நூற்றுக்கு 7.2. அங்கே 888-ல் 53 என்பது நூற்றுக்கு 6. ஓட்டெடுப்பு என்று வந்தால் பங்குதான் பேசும், தலைக்கணக்கு பேசாது. எந்த ரயில் பாதைக்கு எவ்வளவு பணம் என்று முடிவாகும் அவையில் நம் எடை ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

இந்த வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இடங்களைப் பிரிப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து இல்லை, மக்கள்தொகையை வைத்து. திருப்பூரில் குடியிருக்கும் பீகார்த் தொழிலாளி இங்கே எண்ணப்படுவார். ஓட்டு அவருடைய சொந்த ஊரில் இருக்கலாம். அவருக்காகப் பேச வேண்டிய எம்.பி. யார் என்பதை எந்த வழியும் தீர்க்கவில்லை. தீர்க்க வேண்டும்.

நான்காவது, எல்லா மாநிலங்களுக்கும் ஒரே விகிதத்தில் கூட்டுவது. ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை 815 பேர் அளவுக்கு வரும், தமிழ்நாட்டுக்கு 58 அல்லது 59, உத்தரப் பிரதேசத்துக்கு 120. பங்கு யாருக்கும் குறையாது. நம் எம்.பி. ஒருவருக்கு இன்று இருக்கும் 18.5 லட்சம் பேர் 12.5 லட்சத்துக்குள் வருவார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

இதில் உத்தரப் பிரதேசத்துக்காரருக்கு ஒரு குறை இருக்கும், அது நியாயமானதும் கூட. அவருடைய எம்.பி.க்கு 16 லட்சத்துக்கு மேல் இருப்பார்கள். ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்ற கொள்கையில் இது ஓட்டைதான். ஆனால் இன்று அவருக்கு 25 லட்சத்துக்கு ஒருவர்தான் இருக்கிறார். அவர் நிலையும் மேம்படுகிறது, நம்மிடமிருந்து பிடுங்காமலே. கனடாவில் எந்த மாகாணத்துக்கும் முன்பிருந்த அளவுக்குக் கீழே இடங்கள் குறையாதபடி சட்டமே வைத்திருக்கிறார்கள். அது எண்ணிக்கைக்கு மட்டும் காவல், பங்குக்குக் காவல் இல்லை. நமக்கு அது போதாது.

ஆளைக் கூட்டினால் மட்டும் போதுமா என்றால், போதாது. மக்களவையில் ஒரு நாளுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் கேள்விகள் இருபதுதான். 17-வது மக்களவை ஐந்து ஆண்டில் கூடியது 274 நாள். 815 பேர் வந்து அதே நாட்கள்தான் என்றால், இன்று பேச வாய்ப்புக் கிடைக்காதவருக்கு நாளை இன்னும் கிடைக்காது. 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டத்தால் கட்சிக் கொறடா சொல்வதை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும்; எம்.பி.க்கு மிச்சம் இருப்பது பேச்சுதான். அதனால் அவையைப் பெரிதாக்கும் அதே திருத்தத்தில் ஆண்டுக்கு இத்தனை நாள் கூடியே ஆக வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கொங்கு நாட்டில் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், சேலம், கரூர் என்று எட்டுத் தொகுதிகள். ஒன்றரை மடங்கு என்றால் பன்னிரண்டு. கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தையும் அவிநாசி விசைத்தறியையும் ஒரே எம்.பி. தலையில் கட்ட வேண்டியதில்லை. எனக்குள்ள ஆசை பவானி ஆற்றைப் பற்றியது. பவானிசாகர் அணை நீலகிரித் தொகுதியில், கீழ்பவானி வாய்க்கால் ஓடும் கோபியும் பெருந்துறையும் திருப்பூரில், அதே தண்ணீருக்குக் காத்திருக்கும் காங்கேயம் ஈரோட்டில். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் பாசனம் அது. ஆறு கேரளத்துக்குள் போய்த் திரும்பி வருவதால் இது டெல்லிவரை போகிற விஷயம். சத்தியமங்கலம், கோபி, அந்தியூர், பவானி, பெருந்துறையைச் சேர்த்து ஒரே தொகுதியாக்கினால், தண்ணீர் வராத வருஷம் எந்த எம்.பி. வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எங்கள் ஆயக்கட்டு விவசாயிகளில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும்.