ஆப்ரில் ஃபேட்ஃபேஸா, ப்ளேஃபேர் டிஸ்ப்ளே பிளாக்கா?

ஆங்கிலத் தலைப்புக்குப் பழைய அச்சின் களை வேண்டும், ஒரு கோடு தடியாக நிற்க அதன் பக்கத்திலேயே இன்னொன்று மயிரிழையாக ஓட வேண்டும் என்றால், காசில்லாமல் கிடைக்கும் ஃபான்ட்டுகளில் இந்த இரண்டும்தான் முதலில் என் கைக்கு வருகின்றன. இரண்டுமே 2011-இல் வெளிவந்தவை. தூரத்தில் அண்ணன் தம்பி மாதிரித் தெரிந்தாலும் வம்சம் வேறு.

ஆப்ரில், வெரோனிகா புரியனும் ஹோசே ஸ்காலியோனேயும் நடத்தும் டைப்டுகெதர் என்ற எழுத்துரு நிறுவனத்தின் வேலை. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டன், பிரான்ஸ் விளம்பரத் தட்டிகளில் இருந்த கொழுத்த எழுத்துகள்தான் இதற்கு முன்னோடி. லண்டனில் ராபர்ட் தோர்ன் போன்ற அச்செழுத்து வார்ப்பவர்கள் கொண்டுவந்த அந்த வகை, லாட்டரி விளம்பரங்களில் கொடிகட்டிப் பறந்தது. தோர்ன் இறந்த பிறகு, 1820-இல், அவருடைய பட்டறையை வில்லியம் தோரோகுட் வாங்கியதும் லாட்டரியில் விழுந்த பணத்தில்தான்! அந்தத் தெருச்சத்தம் ஆப்ரிலில் இன்னும் கேட்கிறது. சிறிய 'a', 'r' நுனிகளில் உருண்டு நிற்கும் பொட்டுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், அவ்வளவு அழகு.

ஆனால் இலவசமாகக் கிடைப்பது ஒரே ஒரு தடிமன்தான், சாய்வெழுத்து கிடையாது. சாய்வு பொத்தானை அழுத்தினால் மென்பொருளே எழுத்தை இழுத்துச் சாய்த்துவிடும். பார்க்கச் சகிக்காது, செய்யாதீர்கள்.

கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் வரைந்த ப்ளேஃபேர், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்செழுத்துக் கலைஞர் பாஸ்கர்வில்லின் வழியில் வந்தது. 400 (சாதாரணம்) முதல் 900 (மிகத் தடித்த 'பிளாக்') வரை தடிமன்கள், எல்லாவற்றுக்கும் சாய்வெழுத்து. சிறிய எழுத்துகள் உயரமானவை, கீழே தொங்கும் வால்கள் குட்டையானவை. அதனால் மூன்று வரித் தலைப்பையும் நெருக்கி அடுக்கலாம், வரிகள் முட்டிக்கொள்ளாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: இதன் எண்கள் பழைய பாணியில் ஏறி இறங்கி நிற்கும். '1947' என்று அடித்தால் 9, 4, 7 மூன்றும் கோட்டுக்குக் கீழே இறங்கும். அமைப்பில், ஒரே உயரத்தில் நிற்கும் 'லைனிங்' எண்களுக்கு மாற்றிவிட்டால் சரி.

போஸ்டர் போடோனி என்ற ஃபான்ட்டும் இதே குடும்பம்தான். காசு கொடுத்து உரிமம் வாங்கத் தயாரென்றால் பார்க்கலாம்.

என் தேர்வு இதுதான். இரண்டு மூன்று சொற்கள், பெரிய அளவு, சுவரொட்டி, நூல் அட்டை என்றால் யோசிக்காமல் ஆப்ரில். நீளத் தலைப்பு, துணைத்தலைப்பு, மெனு கார்டு என்றால் ப்ளேஃபேர். விசிட்டிங் கார்டில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கேட்டால் இரண்டுமே வேண்டாம். மை பரவி மயிரிழைகளை விழுங்கிவிடும்.

அப்புறம், இரண்டிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. இருமொழிப் போஸ்டரில் தமிழை அப்படியே விட்டால் கணினி ஏதோ ஓர் ஒல்லி ஃபான்ட்டைப் போட்டுவிடும், ஆங்கிலம் மட்டும் கத்தும். நோட்டோ செரிஃப் தமிழின் மிகத் தடித்த வடிவத்தைக் கொஞ்சம் பெரிய அளவில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.