பாரிஸில் இருக்கும் அக்காவுக்கு என்ன பூ அனுப்பலாம்?

அக்கா பாரிஸில், தம்பி திருச்சியில். பிறந்தநாளுக்குப் பூ அனுப்ப ஆசை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் நாலு முழம் மல்லி வாங்கிக் கூரியரில் போட்டுவிட முடியாது. வாடிப்போகும் என்பது ஒருபக்கம். 2019 கடைசியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பூவோ செடியோ எது போனாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பது இன்னொரு பக்கம். அதனால் இங்கே பணம் கட்டி, அங்குள்ள பூக்கடை மூலம் கொடுக்கச் சொல்வதுதான் வழி. ஜெர்மனியில் 1908இலேயே வந்துவிட்ட ஏற்பாடு இது.

நம் கை முதலில் போவது சாமந்திக்குத்தான். மஞ்சள், மங்கலம், ஆயுத பூஜை என்று நமக்கு எல்லாமே நல்ல ஞாபகங்கள். பிரான்சிலோ அது கல்லறைப் பூ. நவம்பர் 1ஆம் தேதி இறந்தவர்களை நினைத்துத் தொட்டி தொட்டியாகச் சாமந்தியைக் கல்லறைக்கு எடுத்துப் போவார்கள். அக்கா தப்பாக நினைக்க மாட்டார், சரி. வாசலில் வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்.

சிவப்பு ரோஜா காதலர்களுக்கு. மஞ்சள் ரோஜாவைத் துரோகத்தின் அடையாளம் என்று சொல்லும் பழக்கமும் அங்கே உண்டு. வெள்ளையோ இளஞ்சிவப்போ என்றால் பரவாயில்லை, ஒரு வாரம் தாங்கும். லில்லி இன்னும் சில நாள் கூடுதலாக நிற்கும், வாசனையும் தூக்கலாக இருக்கும். ஆனால் வீட்டில் பூனை இருந்தால் வேண்டவே வேண்டாம். மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

உண்மையான போட்டி இரண்டு தொட்டிகளுக்கு இடையில்தான்: ஆர்க்கிட்டா, மல்லிகையா?

எந்தப் பூக்கடையிலும் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் இரண்டு மூன்று மாதம் பூவோடு நிற்கும். வேலைக்கு ஓடும் ஆளுக்கு இதைவிடச் சுலபமான செடி இல்லை. தொட்டி கண்ணாடி மாதிரி இருப்பதால் வேரே பேசும்: பச்சையாக இருந்தால் ஈரம் போதும், வெள்ளி நிறமாக வெளுத்தால் தண்ணீர் கேட்கிறது. வாரம் ஒருமுறை நனைத்து, நீரை முழுக்க வடித்துவிட வேண்டும். தேங்கினால் வேர் அழுகிவிடும். குறை என்னவென்றால், வாசனை கிடையாது. விமான நிலையத்திலும் பல் டாக்டர் வரவேற்பறையிலும் நிற்கிற செடி, அக்காவுக்கென்று தேடிப் பிடித்ததாகத் தோன்றாது.

மல்லிகைத் தொட்டியில் கதை வேறு. அங்கே குளிர்காலக் கடைசியில், வளையக் கம்பியில் கொடியைச் சுற்றி விற்பார்கள். மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. நம் குண்டுமல்லி இல்லை, வேறு இனம். இதழ் மெலிசு, தலையில் வைக்க ஆகாது. ஆனால் மணம் அறையையே நிறைத்துவிடும். சொந்தக்காரிதான், ஒன்றுவிட்ட முறை! ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் மொட்டெல்லாம் கருகிக் கொட்டும். வெளிச்சமான, குளிர்ந்த ஜன்னலோரம்தான் அதற்கு இடம்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பிறந்தநாள் என்றால் யோசிக்காமல் மல்லிகைதான் என் ஓட்டு. மற்ற மாதங்களில் ஆர்க்கிட். நிஜ மல்லிச் சரமே வேண்டுமென்று அடம்பிடித்தால், லா சப்பேல் பக்கத் தமிழ்க் கடைகளில் வந்திருக்கிறதா என்று அங்குள்ள யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லலாம்; நம்பி இருக்க முடியாது.

ஆர்டரில் இரண்டு விஷயம் மறக்காதீர்கள். கேட்ட பூ இல்லையென்றால் கடைக்காரர் தாமாக வேறொன்றை வைத்துவிடுவதுண்டு, அதனால் 'சாமந்தி வேண்டாம்' என்று எழுதிவிடுங்கள். அப்புறம், பாரிஸ் அடுக்ககங்களில் பெரும்பாலும் வாசல் கதவுக்கு ஒரு கோட் எண் இருக்கும். அது இல்லாவிட்டால் பூ கொண்டு வந்தவர் தெருவோடு திரும்பிவிடுவார். அக்காவிடம் கேட்டால் விஷயம் வெளியாகிவிடும், மாமாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.