காலுக்குச் சுகம், கைக்கு வில்லங்கம்: சாய்மான எக்சர்சைஸ் சைக்கிள்

எட்டு மாதமாக ஓட்டுகிறேன். வயது 47, தையல் தொழில். ஆறு வருடமாக முடக்குவாதம். வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் அல்ல. இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய். காலையில் ஒன்பது, பத்து மணி வரை விரல் சரியாக மடங்காது. பேஸ்ட் மூடி திறக்கக்கூட மகனைக் கூப்பிட வேண்டும்.

அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது, அசையாமல் படுத்திரு என்றார்கள். என் டாக்டர் சொன்னது நேர்மாறு. முடக்குவாதக்காரர்களுக்கு இதய நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காம். அதனால் மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி வாரத்துக்கு 150 நிமிடம் ஏதாவது செய் என்றார். நடந்தால் பாதம் கடுக்கிறது, தெருவில் நாய்த் தொல்லை வேறு. சரி, சைக்கிள் என்று முடிவு செய்தேன்.

14,800 ரூபாய். நாற்காலி மாதிரி முதுகுக்குச் சாய்மானம், பெடல் முன்பக்கம். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம், உட்கார்ந்தால் போதும். உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்காது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பெடலுக்கு இறுக்கம் தருவது காந்தம் என்பதால் சத்தமே இல்லை. என் தையல் மெஷின் இதைவிட இரைச்சல். முதல் வாரம் ஐந்து நிமிடம், ஒன்றாம் நம்பர் லோடு (அதாவது பெடலின் இறுக்கம்). இப்போது 25 நிமிடம், மூன்றாம் நம்பர். செவ்வாய் இரவு முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து போடுவதால் புதன் முழுக்கக் குமட்டல், அன்று சைக்கிளுக்கு லீவு. முட்டி வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் லோடே வைக்காமல் சும்மா சுற்றுவேன், அதுவும் முடிந்தால்தான்.

இனி குறை. லோடு மாற்றும் குமிழ் வழவழவென்று உருண்டையாக இருக்கிறது. நல்ல கை உள்ளவர் யாரோ வடிவமைத்தது! மூன்று விரலால் இறுக்கிப் பிடித்துத் திருக வேண்டும், என்னால் ஆகாது. கடைசியில் பழைய மரக்கரண்டிக் காம்பைக் குமிழோடு சேர்த்துப் பாவாடை நாடாவால் கட்டிவிட்டேன். இப்போது உள்ளங்கையால் தள்ளினாலே திரும்புகிறது. சீட்டை முன்பின் நகர்த்தும் ஸ்பிரிங் பின்னுக்கு அந்த வைத்தியமும் இல்லை, மகன்தான் இழுக்கிறான்.

கைப்பிடியில் நாடித்துடிப்பு காட்டும் தகடு இருக்கிறது. எனக்கு மூச்சு வாங்கும்போது 58 என்று காட்டும். இறுக்கிப் பிடித்தால் சரியாகக் காட்டுமாம். இறுக்கிப் பிடிக்க முடிந்தால் நான் ஏன் இதில் உட்காருகிறேன்? அதனால் பேச்சுதான் என் கணக்கு. ஓட்டும்போது போன் வந்தால், "ஜாக்கெட் நாளைக்கு ரெடி ஆயிடும்கா" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நாலு வார்த்தைக்கே நின்றால் குறைத்துவிடுவேன். (ஜாக்கெட் ரெடியா என்பது வேறு விஷயம்.)

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். என்னைப் போன்றவர்கள் வாங்குவதாக இருந்தால் கடை திறந்தவுடன் போங்கள். நான் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனேன். அந்த நேரத்தில் என் விரல் நன்றாக வேலை செய்யும், குமிழும் அழகாகத் திரும்பியது.